ஏழாம் கேள்விக்கு விடை

ஹல்
9 மே 2006, செவ்வாய்

அப்பா,

போன் பண்ணினா உங்க மூச்சு மட்டும்தான் கேக்கும், பதில் வராது. அதான் எழுதறேன்.

காலைல வரி அலுவலகத்துலேருந்து ஒரு கடுதாசி வந்துச்சு. பிள்ளை வச்சிருக்கறவங்களுக்குக் குடுக்கற வரிச் சலுகை, ஹெட்டிக்காக எனக்கு வந்துக்கிட்டிருந்துச்சே, அது நின்னு போச்சாம். அதோட விட்டாங்களா? போன செப்டம்பர்லேருந்து வாங்கினதை மொத்தமா திருப்பிக் கட்டணுமாம். ஆயிரத்து நானூத்தி பன்னெண்டு பவுண்டு. என்ன காரணம்னா, 'இக்குழந்தைக்காக வேறொருவர் விண்ணப்பித்துள்ளார்.'

வேறொருவர்! அந்த ஆபீசுக்குப் போன் போட்டு நாப்பது நிமிஷம் பாட்டு கேட்டுக்கிட்டு நின்னேன். யாருன்னு சொல்ல மாட்டாங்களாம். சொல்லணுமா என்ன? என் எட்டு வயசுப் பொண்ணு வேற யார் வீட்டுல இருக்கா?

கேரவன் ஃபேக்டரியில தையல் வேலை கிடைச்சு நான் ஹல்லுக்குக் கிளம்பினப்ப, "வீடு கிடைக்கிற வரைக்கும் ஹெட்டி ஹெக்ஸம்லயே இருக்கட்டும்மா, ஸ்கூலும் பக்கம்"னு சொன்னது யாரு? எட்டு மாசமா ஒருத்தி வீட்டு ஒத்தை ரூம்ல குடியிருந்து, இப்பதான் ரெண்டு ரூம் வீடு ஒண்ணு பிடிச்சிருக்கேன். ஜூலைல ஸ்கூல் முடிஞ்சதும் அவளைக் கூட்டிட்டு வரேன்னு ஈஸ்டர்லயே உங்க கிட்டச் சொன்னேன். தலையாட்டினீங்க. அந்த வீட்டு வாடகையே இந்தச் சலுகையை நம்பித்தான்னும் சொன்னேன். அதுக்கும் தலையாட்டினீங்க.

எதுக்கு இப்படிப் பண்ணினீங்க? ஒரு வரி பதில் போதும். உங்க வழக்கப்படி நாலு பக்கம் வேண்டாம்.

ஜனீன்

*

ஹெக்ஸம்
11 மே 2006

அன்புள்ள ஜனீன்,

உன் கடிதம் நேற்று வந்தது. இது மூன்றாவது வரைவு. முதல் இரண்டிலும் என் பக்கத்து நியாயம் தேவைக்கு மேல் தெளிவாக இருந்தது போல் பட்டதால் கிழித்துவிட்டேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நீ முகவரியை மாற்றாததால், ஆண்டுதோறும் வரும் புதுப்பிப்புப் படிவம் ஏப்ரல் பத்தாம் தேதி இங்கே வந்தது. அனுப்பி வைக்கட்டுமா என்று உன்னிடம் போனில் கேட்டேன். "நீங்களே பிரிச்சுப் பாத்து, எல்லாம் சரின்னு போட்டு அனுப்பிடுங்கப்பா" என்றாய். பிரித்தேன். 'கீழுள்ள விவரங்கள் அனைத்தும் சரியா? தவறு இருப்பின் உடனே தெரிவிக்கவும்' என்றிருந்தது. குழந்தை உன்னோடு வசிப்பதாக அதில் எழுதியிருந்தது. அவளோ அப்போது எனக்கு எதிரே அமர்ந்து முட்டையும் ரொட்டியும் தின்றுகொண்டிருந்தாள்.

நாற்பத்தோரு ஆண்டுகள் எடை அளவை ஆய்வாளனாக இருந்தவன் நான். தவறு என்று தெரிந்த ஒன்றின் கீழே 'சரி' என்று எழுத என் கை வரவில்லை. ஈஸ்டர் கழிந்ததும் அவர்களுக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் ஓர் இளைஞன். "அப்ப குழந்தை உங்க கூடத்தான் இருக்குதுங்களா? நீங்கதான் சார் விண்ணப்பிக்கணும், படிவம் அனுப்பவா?" என்றான். அனுப்பச் சொன்னேன். அதோடு ஒரு குறிப்பேடும் வந்தது. குழந்தை யார் பொறுப்பில் இருக்கிறது என்று முடிவு செய்வதற்கான பதின்மூன்று கேள்விகள் அதில் இருந்தன. யார் உணவுக்குச் செலவு செய்கிறார், பள்ளியில் யார் பெயர் இருக்கிறது, உடைகளும் விளையாட்டுப் பொருள்களும் எந்த வீட்டில் உள்ளன என்பன போன்றவை. ஒவ்வொன்றுக்கும் உண்மையை எழுதினேன்.

உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அது என் பிழை. பணம் திருப்பிக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அதை நான் விசாரித்திருக்க வேண்டும் என்பதும் சரிதான்.

அப்பா

பி.கு: ஏப்ரல் கடைசி வாரம் உன்னிடம் வந்துபோனபோது ஹெட்டியின் இரவு உடையில் கால்சட்டை மட்டும் திரும்பி வந்தது. மேல்சட்டையைத் தேடிப் பார்.

*

ஹல்
15 மே 2006

திரு. சிரில் ரடக் அவர்களுக்கு,

'உணவுக்கு யார் செலவு செய்கிறார்.' இதை எழுத உங்களுக்கு வெக்கமா இல்ல? அக்டோபர்ல நாப்பது பவுண்டு அனுப்பினேன். அதே கவர்ல திருப்பி அனுப்பினீங்க. நவம்பர்ல அனுப்பினேன். "ஒரு குழந்தை என்ன பெருசா சாப்பிடுது, நீயே வச்சுக்கோ"ன்னு சீட்டு எழுதி வச்சு அனுப்பினீங்க. எங்க அப்பாவுக்கும் பாசம் இருக்குன்னு நினைச்சு, பஸ்ல உக்காந்து அழுதேன், தெரியுமா? இப்ப அதையே எடுத்து, பெத்தவ பத்துக் காசு குடுக்கறதில்லன்னு சர்க்கார்கிட்ட எழுதிக் குடுத்திருக்கீங்க.

எனக்கு இது புதுசில்ல. அப்ப எனக்கு ஒன்பது வயசு. கசாப்புக் கடை ஹார்க்கரோட தராசுல அரை அவுன்ஸ் குறையுதுன்னு கேஸ் போட்டீங்க. அவரோட பொண்ணு கில்லியன்தான் எனக்கு இருந்த ஒரே ஃப்ரெண்டு. அந்த வருஷப் பிறந்த நாளுக்குப் பன்னெண்டு பேரைக் கூப்பிட்டேன். நானும் அம்மாவும் அந்த கேக்கை நாலு நாள் தின்னோம். நீங்க என்ன சொன்னீங்கன்னு நினைவிருக்கா? "தராசு குறைஞ்சது உண்மைதானே ஜனீன்." உண்மைதான். உங்க உண்மைக்கு எப்பவும் வேற யாராவதுதான் காசு குடுக்கணும்.

சனிக்கிழமை யார்க் ஸ்டேஷன்ல பிள்ளையைக் கை மாத்தினப்ப ஒரு வார்த்தை வரல உங்க வாயிலேருந்து. சுவத்துல இருந்த டைம்டேபிளையே முறைச்சுப் பாத்துக்கிட்டு நின்னீங்க. இருபது வருஷமா அதே ரயில்தான் ஓடுது.

ஜனீன்

பி.கு: மேல்சட்டை இங்க கிடக்கு. ஆனா ஒரே ஒரு ரப்பர் பூட்ஸை மட்டும் பையில போட்டு அனுப்பியிருக்கீங்களே, இது என்ன கிண்டலா? ஹல்லுல மழை ஒரு காலுக்கு மட்டும் பெய்யுமா?

*

ஹெக்ஸம்
22 மே 2006

அன்புள்ள ஜனீன்,

கேக்கைப் பற்றி நீ எழுதியது எனக்கு நினைவில்லை. அது நினைவில்லை என்பதை ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு பேரும் உரிமை கோரியிருப்பதால், அதே பதின்மூன்று கேள்விகளை இப்போது தனித்தனியாக இருவருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். ஜூன் முப்பதுக்குள் பதில் போக வேண்டும். உனக்கும் வந்திருக்கும். முதல் கேள்வி முக்கியமானது: குழந்தை வழக்கமாக வசிப்பது ஒருவருடனா, இருவருடனுமா? 'இருவருடனும்' என்றால், இருவருமாகப் பேசி ஒருவரைக் குறிப்பிட்டுக் கையெழுத்திட்டால் போதும். செப்டம்பரிலிருந்து அவர் பெயரிலேயே கணக்கை முடித்து, அவர் வாங்கியதைத் திருப்பிக் கேட்க மாட்டார்களாம். 'ஒருவருடன்' என்றால் அவர்களே தீர்மானிப்பார்கள்.

என்னால் 'இருவருடனும்' என்று எழுத முடியுமா என்று பார்த்தேன். செப்டம்பர் பத்திலிருந்து கடந்த சனிக்கிழமை வரை இருநூற்று ஐம்பத்திரண்டு இரவுகள். அவற்றில் உன்னிடம் அவள் தூங்கியவை இருபத்திரண்டு. கிறிஸ்துமஸையும் சேர்த்துத்தான். இருமுறை எண்ணினேன். 'ஒருவருடன்' என்ற கட்டத்தில் பென்சிலால் குறியிட்டு வைத்திருக்கிறேன். இன்னும் பேனாவால் எழுதவில்லை.

ஊரில் செய்தி பரவிவிட்டது. தபால் நிலையத்தில் திருமதி டாட்ஸ் வரிசையில் எல்லோர் முன்னாலும், "என்ன சிரில், பெத்த பொண்ணு மேலயே பெட்டிஷனா? அடுத்தது யாரு, பாதிரியாரா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டாம்பு வாங்காமலே வந்துவிட்டேன்.

எனக்கு எதையும் வாய்விட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும் என்பது உனக்குத் தெரியும். விண்ணப்பித்தபோதும் சரி, இப்போதும் சரி, சமையலறை மேசையில் வைத்துக் கேள்விகளைப் படித்துக்கொண்டிருந்தபோது ஹெட்டி பக்கத்திலேயே வரைந்துகொண்டிருந்தாள். நேற்று, "தாத்தா, ஏழாம் கேள்விக்கு என்ன எழுதப் போற?" என்று கேட்டாள். அது உடைகளும் விளையாட்டுப் பொருள்களும் எந்த வீட்டில் என்ற கேள்வி. "இங்கேதானே எல்லாம் இருக்கு" என்றேன். "எண்ணிப் பாத்தியா?" என்றாள். என் பேத்திதான்.

பூட்ஸ் இரண்டையும் நானே பையில் வைத்தேன். ஆனால் மற்றொன்று கதவுக்குப் பின்னால் கிடந்தது. காரணம் தெரியவில்லை. என் ஞாபகத்தை நான் முழுக்க நம்புவதில்லை.

அப்பா

*

ஹல்
29 மே 2006

அப்பா,

இருநூத்தி ஐம்பத்திரண்டு ராத்திரி! அதுல எத்தனை ராத்திரி நான் அவளை நினைச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன்னு எண்ணுறதுக்கு உங்க கிட்ட ஏதாவது கருவி இருக்கா? எண்ண முடியாததெல்லாம் உங்களுக்குக் கிடையவே கிடையாது. அம்மா இதைச் சொல்லிச் சொல்லியே போய்ச் சேந்தா.

பதிமூணு கேள்வியையும் படிச்சேன். உங்களுக்காகவே பதில் எழுதறேன். ஸ்கூல்ல யார் பேரு? உங்க பேரு, ஏன்னா நான் இருநூறு கிலோமீட்டர் தள்ளி கேரவனுக்குத் திரைச்சீலை தைச்சுக்கிட்டிருக்கேன். டாக்டர்கிட்ட யார் பேரு? உங்க பேரு, அதே காரணம். உடம்பு சரியில்லன்னா யாரைக் கூப்பிடுவா? போன வாரம் காய்ச்சல்ல யாரைக் கூப்பிட்டா, அதையும் எழுதுங்க பாப்போம். எழுத மாட்டீங்க. அந்தப் படிவத்துல அப்படி ஒரு கட்டமே இல்ல.

இப்ப ஏழாம் கேள்விக்கு வரேன். நீங்க இவ்வளவு தூரம் இறங்குவீங்கன்னு நான் நினைக்கல. இந்தத் தடவை பையில ஒத்தைச் செருப்பு. ஒத்தை ஒத்தையா அஞ்சு சாக்ஸ். பென்சில் பெட்டி இருக்கு, மூடி இல்ல. சதுரங்கப் பலகையோட கறுப்புக் காய் மட்டும். எண்ணிக்கைக்காகப் பிடிச்சு வச்சுக்கறீங்களா? எல்லாத்துலயும் ஒண்ணு அங்க இருந்தா, 'உடைகள் என் வீட்டில் உள்ளன'ன்னு பொய் இல்லாம எழுதலாம், அதானே? பிள்ளை நேத்து ஒத்தைக் கால்ல செருப்போட நொண்டிக்கிட்டு நடந்தா. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?

புது வீட்டுக்காரி ஸ்கெல்டன் அம்மா ஜூன் இருபத்திமூணு வரைக்கும்தான் பொறுப்பாளாம். "முன்பணம் வரலன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்டி கண்ணு, எனக்கும் வயிறு இருக்குல்ல"ன்னுட்டா. அவ மேல எனக்குக் கோபமே இல்ல.

ஜனீன்

*

ஹெக்ஸம்
2 ஜூன் 2006

ஜனீன்,

இந்த வயதில் திருட்டுக் குற்றச்சாட்டை எதிர்பார்க்கவில்லை. ஒரு குழந்தையின் சாக்ஸைப் பிடித்து வைத்துக்கொள்பவன் என்று என்னை நினைக்கிறாய். நான் கோழை, அதை நீ சொல்லத் தேவையில்லை. ஏமாற்றுக்காரன் அல்ல. உண்மையைச் சொன்னால், நீதான் ஒவ்வொரு முறையும் ஒன்றை நிறுத்திக்கொண்டு, வேண்டுமென்றே பாதியை அனுப்புகிறாய் என்று நான் நினைத்திருந்தேன். எழுதத்தான் தைரியம் வரவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தைப் பார்த்ததும் அவளுடைய அலமாரியைத் திறந்து எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பிப் பட்டியலிட்டேன். ரப்பர் பூட்ஸ் ஒன்று. செருப்பு ஒன்று. சாக்ஸ் ஐந்து, ஜோடி இல்லாமல். இரவு உடையின் கால்சட்டை. பென்சில் பெட்டியின் மூடி. வெள்ளைச் சதுரங்கக் காய்கள் பதினாறு. நாய்க்குட்டிப் படப் புதிரில் ஐம்பது துண்டுகள். பெட்டியின் மேல் நூறு என்று போட்டிருக்கிறது.

ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. பூட்ஸும் செருப்பும் இரண்டுமே இடது காலுக்கானவை. உன்னிடம் இருப்பவை எந்தக் காலுக்கு? மறதியால் நடந்திருந்தால் கலந்தல்லவா இருக்க வேண்டும்?

சி. ரடக்

*

ஹல்
12 ஜூன் 2006

அப்பா,

வலது கால். எல்லாமே வலது கால். புதிர்த் துண்டையும் எண்ணினேன். ஐம்பது.

நேத்து குளிப்பாட்டும்போது கேட்டேன். "ஏன்டி, உன் சாமானையெல்லாம் யாரு பிரிச்சு வைக்கறா?" வாயை இறுக்கி மூடிக்கிட்டா. அப்படியே உங்க மூஞ்சி. சுவத்துல டைம்டேபிள் இருந்திருந்தா அதைப் பாத்திருப்பா.

நான் தோத்துட்டேன்னு வச்சுக்கோங்க. பேனாவால எழுதி அனுப்புங்க. ஆயிரத்து நானூறைத் தவணைல கட்டிக்கறேன். ரெண்டு ரூம் வீடு வேண்டாம்னு வெள்ளிக்கிழமை வேலை விட்டு வரும்போது ஸ்கெல்டன் அம்மாகிட்டச் சொல்லிடறேன். ஹெட்டி உங்க கூடவே இருக்கட்டும். அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க, அம்மாவால முடியலன்னு. ஒரு தடவையாவது உண்மையைச் சொல்லி நீங்க காசு குடுங்க.

ஜனீன்

*

ஹெக்ஸம்
14 ஜூன் 2006, புதன்

அன்புள்ள ஜனீன்,

இந்தக் கடிதத்துக்கு வரைவு இல்லை. அடித்தல் திருத்தல் இருந்தால் பொறுத்துக்கொள். உடனே கிடைக்க வேண்டும் என்று விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை அந்த அம்மாளிடம் எதுவும் சொல்லாதே.

நேற்று மாலை ஹெட்டியைக் கேட்டேன். கட்டிலில் எல்லாவற்றையும் மறுபடி பரப்பி வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த விசாரணை அவ்வளவுதான். கடைக்காரர்கள் கூட அதில்தான் பேசிவிடுவார்கள்.

"நீதான் எடுத்து வெச்சியா?"

"ம்."

"எதுக்கு?"

"துணியும் பொம்மையும் எந்த வீட்டுல இருக்கோ அந்த வீட்டுக்குத்தான் என்னைக் குடுப்பாங்கன்னு போட்டிருக்குல்ல. நீதானே படிச்சே. யாராவது வந்து எண்ணினா ரெண்டு பக்கமும் சமமா வரணும். அப்பத்தான் யாருக்கும் குடுக்க முடியாது."

"அப்ப உன் கரடிப் பொம்மை? அது ஒண்ணுதானே இருக்கு?"

"அது பையிலேயே இருக்கும். பை யார் வீடும் இல்ல. பை ரயில்ல போறது."

நான் வேறொன்று கேட்டேன். ஒன்பது மாதமாக அந்தக் குழந்தையிடம் யாரும் கேட்காத கேள்வி என்று நினைக்கிறேன். "நீ எங்கே குடியிருக்கே ஹெட்டி?" என்றேன். இவ்வளவு எளிய கேள்வியா என்பது போல என்னைப் பார்த்தாள். "ரெண்டு வீட்டுலயும்தான்" என்றாள்.

முதல் கேள்வியில் இருந்த பென்சில் குறியை அழித்துவிட்டேன். 'இருவருடனும்' என்ற கட்டத்தில் பேனாவால் எழுதியிருக்கிறேன். இது பொய்யாகுமோ என்று பாதி இரவு புரண்டேன். இரவுகளை எண்ணியவன் நான். ஆனால் அங்கே வசிப்பவள் அவள். அவள் இடது வலது பார்த்துப் பங்கிட்ட துல்லியத்தில் ஒரு குறையும் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஏழாம் கேள்விக்கு, 'ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அங்கே, ஒன்று இங்கே' என்று எழுதினேன். பட்டியலையும் இணைத்தேன். காய்ச்சலில் உன்னைத்தான் கூப்பிட்டாள் என்பதை ஓரத்தில் எழுதியிருக்கிறேன். அதற்குக் கட்டம் இல்லை, நீ சொன்னது சரி. பொறுப்பாளர் என்ற இடத்தில் உன் பெயர். கீழே என் கையெழுத்து. உன் கையெழுத்துக்கு இடம் விட்டு, இதோடு வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இந்தப் படிவம் தவிர மற்ற எல்லாம் பொய்யாகிவிடும்.

அன்றைக்குப் போனில் அந்த இளைஞன், "படிவம் அனுப்பவா?" என்று கேட்டான். "வேண்டாம், விவரத்தை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். "என் மகளிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்றும் சொல்லியிருக்கலாம். அனுப்பச் சொன்னேன். அதில் உண்மைக்கு ஒரு வேலையும் இல்லை. ஈஸ்டரன்று நீ ஜூலையில் கூட்டிப் போகிறேன் என்றபோது தலையாட்டினேன். கூட்டிப் போக வேண்டாம் என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை. குழந்தை என்னுடன் இருக்கிறது என்று ஒரு காகிதம் சொல்லிவிட்டால், நான் வாயைத் திறக்க வேண்டியிருக்காது என்று நினைத்தேன். நீ அந்த வாடகைக்கு எதை நம்பியிருந்தாய் என்பதும் எனக்குத் தெரியும்.

ஹார்க்கரின் தராசு குறைந்தது உண்மைதான். அவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருந்தாலும் சட்டப்படி போதுமானதாக இருந்திருக்கும். அதுவும் எனக்கு அப்போதே தெரியும்.

அப்பா

*

ஹல்
26 ஜூன் 2006

அப்பா,

உங்க கடிதம் வெள்ளிக்கிழமை காலைல வேலைக்குக் கிளம்பறப்ப வந்துச்சு. படிவத்துல கையெழுத்துப் போட்டு அன்னிக்கே அனுப்பிட்டேன். ஸ்கெல்டன் அம்மாவுக்கு முன்பணத்துக்கு ஃபேக்டரியில கடன் வாங்கிக் குடுத்துட்டேன். வீடு எனக்குத்தான்.

உங்களை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க. நல்லவர்னு நினைச்ச வரைக்கும் உங்க மேல கோபப்படறதுக்கே பயமா இருந்துச்சு. நீங்களும் எல்லாரை மாதிரி ஆசைப்பட்டுத் தப்புப் பண்ணினவர்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே நிம்மதியாக் கோபப்படுவேன். ரொம்ப நாளைக்குப் பாக்கி இருக்கு.

சனிக்கிழமை ஹெட்டிகிட்டச் சொன்னேன், சாமானெல்லாம் ஜோடி சேத்து ஒரே இடத்துல வச்சுக்கலாம்டி, இனிமே யாரும் எண்ண வர மாட்டாங்கன்னு. விரல் விட்டு எண்ணினா. சாக்ஸ் சரியாம், செருப்பு சரியாம், சதுரங்கம் சரியாம், புதிரும் சேத்துடலாமாம். பூட்ஸ் மட்டும் வேண்டாமாம். "இடது பூட்ஸ் தாத்தா வீட்டுலயே இருக்கட்டும், வலது இங்க இருக்கட்டும்." மழை வந்தா என்னடி பண்ணுவேன்னு கேட்டேன். "தாத்தா எடுத்துட்டு வருவாரு." இதுக்கு மேல அவகிட்டப் பேச என்னால முடியாது. அதுவும் உங்க ரத்தம்தான்.

ஜூலை இருபத்திரண்டு, சனிக்கிழமை. பத்து இருபத்தஞ்சுக்கு யார்க் ஸ்டேஷன்ல, வழக்கமான பெஞ்சுகிட்ட. எல்லாத்தையும் பெட்டியில போட்டுக் கொண்டாங்க, பூட்ஸைத் தவிர. பேசணும்னு கட்டாயம் இல்ல.

டைம்டேபிளை மட்டும் பாக்காதீங்க.

ஜனீன்